அரிசிக் கள்ளுக்கு நான் சொன்ன தீர்ப்பு

மகனே,

கார் நிக்கோபாரிலிருந்து நீ போட்ட கடிதம் போன கப்பலில் வந்து சேர்ந்தது. நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மூன்றரைப் பக்கம் அங்கே மழை எப்படி, ஆபீஸ் எப்படி, மெஸ்ஸில் போடும் சோறு எப்படி என்பது. கடைசி அரைப் பக்கத்தில்தான் விஷயத்துக்கு வருகிறாய்: "செசிலியா வீட்டுக்குப் போனீர்களா, அவள் அம்மா என்ன சொன்னார்?" உன் அம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்பன மாதிரியே, ஊரச் சுத்திட்டுத்தான் வீட்டுக்கு வருவான்" என்றாள். போனோம் ராசா. ஒருமுறை இல்லை, இரண்டு முறை போனோம். முதல் முறை போனபோது உன் கல்யாணத்தை முக்கால்வாசி கவிழ்த்துவிட்டு வந்தவன் இந்தக் கடிதத்தை எழுதுகிறவன்தான். செசிலியாவின் அம்மா பாலினாம்மா கடைசியில் என்ன சொன்னார் என்பதை ஒரே வரியில் எழுதி முடித்துவிடலாம். ஆனால் அந்த வரியை மட்டும் படித்தால் அது சம்மதமா திட்டா என்று உனக்கு விளங்காது. தவிர, நாளைக்கு நீயும் அந்த வீட்டு முற்றத்தில் உட்காரப் போகிறவன். உன் நாக்கும் என் நாக்குதானே, அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆகையால் பொறுமையாகப் படி.

செசிலியாவை உனக்குத் தெரியும், அவள் வீட்டை உனக்கு அவ்வளவாகத் தெரியாது. அவள் அப்பா பவுலுஸ் காட்டிலாகாவில் யானையை வைத்து மரம் இழுக்கிறவர். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்ட வந்தவர்களில் ஒருவர். நான் தூத்துக்குடியிலிருந்து படகு கட்ட வந்தேன், அவர் மரம் சாய்க்க வந்தார், அவர் சாய்த்த மரத்தில்தான் என் உளி ஓடுகிறது. இங்கே ரங்கத் கோயிலில் ஒரே பூசைக்கு அவர்கள் இந்தியில் பாடுவார்கள், நாம் தமிழில் பாடுவோம், சாமியார் இரண்டையும் பொறுத்துக்கொள்வார். பாலினாம்மாவுக்கு ராஞ்சிக்காரர்கள் குடியிருக்கிற பஸ்தியில் ஒரு தனி மரியாதை உண்டு. கல்யாணமோ, ஞானஸ்நானமோ, அறுப்புத் திருநாளோ, ஹண்டியா பானை வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஹண்டியா என்றால் அவர்களுடைய அரிசிக் கள். சோற்றை வடித்து, பாயில் ஆறப்போட்டு, ரானு என்கிற வேர்மருந்து உருண்டையைப் பொடித்துக் கலந்து, பானையில் மூடி வைத்துவிட்டால் சில நாளில் அது தானாகவே கள்ளாகிவிடும். வேறு யாராவது வைத்த பானை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் பாலினாம்மா ஒரு தொன்னை குடித்துவிட்டுச் சொல்வதுதான் முடிவு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவருக்கு உன்மேல் ஒரு குறையும் இல்லை. சம்பளம் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அவர் மனதில் இருந்த முள் வேறு. போன வருஷத் திருவிழாவில் நம் ஆள் ஒருவன் அவர் காதுபடவே, "ஊசிப்போன சோத்துத் தண்ணியக் குடிச்சிட்டு ஆடுதானுவ" என்று சொல்லியிருக்கிறான். இத்தனை வருஷம் நம்மோடு ஒரே கடையில் அரிசி வாங்குகிறவருக்கு அந்த அளவு தமிழ் தெரியாமலா இருக்கும்? "மூக்கப் பிடிச்சிட்டு என் வீட்டுக்கு வர்றவங்களுக்கு என் மகளக் குடுக்க மாட்டேன்" என்று பவுலுஸிடம் சொல்லிவிட்டாராம். இதை பவுலுஸ் படகுத்துறையில் வைத்து என்னிடம் சொன்னார். (அவர் பேசியது இந்தி, நான் தமிழில் எழுதுகிறேன். இடையிடையே இந்தியும் வரும், இத்தனை வருஷத்தில் எது எந்த மொழி என்று எனக்கே குழம்பிவிட்டது.) "மிஸ்திரிஜி, அவ உங்க முன்னால தொன்னை வைப்பா. சும்மா 'அச்சா ஹை, அச்சா ஹை'ன்னு தலையாட்டிட்டு ஒதுக்கி வெச்சுடாதீங்க. ருசி பாத்து, எது எப்படி இருக்குன்னு சொல்லணும். அதுதான் மரியாதை."

"யாருகிட்டச் சொல்றீங்க பவுலுஸ் பாய்?" என்றேன் நான். இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் இருந்த காலத்தில் கள்ளு விஷயத்தில் என் நாக்குக்கு ஒரு பேர் இருந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, இது விடியக்காலம் இறக்கியதா வெயிலேறி இறக்கியதா, கலயத்தில் பழைய மண்டி கிடந்ததா, தண்ணீர் ஊற்றியிருக்கிறானா என்று சொல்லிவிடுவேன். பனையேறிகளே என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கிப் போவார்கள். படிப்பு அஞ்சாம் வகுப்போடு நின்றுபோனவனுக்கு இது ஒன்றாவது இருக்கட்டுமே என்று நான் அந்தப் பேரைப் பட்டம் மாதிரி மனதில் மாட்டி வைத்திருந்தேன். அந்தப் பட்டத்தோடுதான் உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பவுலுஸ் வீட்டுக்குப் போனேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு.

முற்றத்தில் பாய் போட்டு உட்கார வைத்தார்கள். செசிலியா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாலினாம்மா மூன்று பானையிலிருந்து மூன்று தொன்னை வடித்து என் முன்னால் வைத்தார். பவுலுஸ் குடிக்கும் முன் இரண்டு சொட்டு தரையில் விட்டார், செத்துப்போன பெரியவர்களுக்காம். நானும் விட்டேன். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. முதல் தொன்னை பால் மாதிரி வெள்ளையாக, நல்ல இனிப்பாக இருந்தது. ஆகா என்றேன். இரண்டாவது சாம்பல் கலந்த மாதிரி ஒரு நிறம், வாயில் வைத்ததும் புளிப்பு, பின்னாலேயே நாக்கின் அடியில் ஒரு கசப்பு. மூன்றாவது நீர்த்துப்போய், சும்மா தாகத்துக்குக் குடிக்கிற மாதிரி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன். முதல் பானைதான் ஏ கிளாஸ், பாலினாம்மாவின் கையே கை என்றேன். மூன்றாவது பரவாயில்லை என்றேன். இரண்டாவது தொன்னையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, சத்தமாக, எனக்குத் தெரிந்த நல்ல இந்தியில், "யே கராப் ஹோ கயா, பெஹன்" என்றேன். கெட்டுப்போய்விட்டதாம் தங்கச்சி. நான் அதோடும் நிற்கவில்லை. "மாடு இருந்தா ஊத்திடுங்க" என்றும் சொன்னேன்.

பவுலுஸ் கூரையைப் பார்த்தார். செசிலியா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. அவள் சிரித்தாள் என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன், அழுதாள் என்று உன் அம்மா சொல்கிறாள். நீ வந்து கேட்டுத் தீர்த்துவை. பாலினாம்மா கோபப்படவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. நிதானமாகச் சொன்னார்: "மிஸ்திரிஜி, மொதல் பானை நேத்து வெச்சது. அது இன்னும் ஹண்டியா ஆகல, இனிப்பா ஊறுன சோறு, சின்னப் பசங்களுக்குக் குடுக்கறது. மூணாவது வடிச்ச சோத்துல மறுபடி தண்ணி விட்டது. நடுவுல இருக்கறதுதான் ஹண்டியா. நீங்க வர்றீங்கன்னு அந்தப் பானையை நான் கணக்குப் பாத்து வெச்சேன்." பிறகு உன் அம்மா பக்கம் திரும்பி, அக்கா முறை வைத்து, "தீதி, இவருக்குப் பாயசம்னா இஷ்டம்போல. ஒரு சொம்புல தரேன், வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று முதல் பானையை வடித்து நிஜமாகவே கொடுத்தனுப்பினார். உன் பேச்சை எடுக்கவே இடமில்லாமல் போய்விட்டது.

என்ன நடந்தது என்று யோசித்துப் பார். பனங்கள்ளில் இனிப்பு என்றால் புதுசு, புளிப்பு என்றால் நேரம் கடந்தது. அது மரத்திலிருந்தே இனிப்பாக இறங்குகிற சரக்கு, மணிக்கு மணி கெட்டுக்கொண்டே போகும். அரிசிக் கள் நேர் எதிர். அது இனிப்பில் தொடங்கி, ஆகி ஆகித்தான் புளிப்புக்கு வரும். புளிப்பும் கசப்பும் கூடி நிற்கிற அந்த இடம்தான் அதற்குப் பக்குவம். நான் தூத்துக்குடிப் பனைமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ராஞ்சிப் பானைக்குத் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். நாக்கு சரியாகத்தான் வேலை செய்தது, மகனே. இனிப்பை இனிப்பு என்றது, புளிப்பைப் புளிப்பு என்றது. தப்பெல்லாம் நாக்குக்கு மேலே இருக்கிற மண்டையில்.

வெளியே வந்ததும் பவுலுஸ் எங்களோடு கொஞ்ச தூரம் நடந்தார். "அவ 'ஹான்'னும் சொல்லல, 'நா'ன்னும் சொல்லல. எங்க வழக்கத்துல மாப்பிள்ளை வீட்டுலேர்ந்தும் ஒரு பானை வரணும். அதக் கொண்டுவாங்க. அதுக்கப்புறம்தான் அவ பேசுவா" என்றார். பஸ்தியில் யாரிடமாவது வாங்கிக்கொண்டு வரலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். "ஒரு வாய் குடிச்சா யார் வீட்டுப் பானைன்னு சொல்லிடுவா. நீங்கதான் வைக்கணும்." வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது உன் அம்மா ஆரம்பித்தாள். "படாக்குக் கட்டையில வள்ளம் கட்டுன கதைதான். அன்னைக்கும் இதேதான் செஞ்சீய." அந்தக் கதை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ கைக்குழந்தை. வந்த புதிதில், ஊரில் கட்டுகிற அதே அளவில் ஒரு வள்ளம் கட்டினேன். இங்கத்து படாக் மரம் ஊர் மரத்தைவிடக் கனம் என்பதை யோசிக்கவில்லை. தண்ணீரில் இறக்கியதும் வள்ளம் எருமை மாதிரி முக்கால்வாசி முங்கி நின்றது. பார்க்க வந்த வங்காளிகள், மலையாளிகள், தெலுங்குக்காரர்கள் எல்லோரும் ஒரே மொழியில் சிரித்தார்கள். அப்புறம் பலகையை இழைத்து மெலிதாக்கி, அடியை அகலமாக்கி, அதே வள்ளம் பல வருஷம் ஓடியது. அதைச் சொன்னேன். "ஓடுச்சி. ஆனா மொதல்ல முங்குச்சில்லா?" என்றாள்.

பானை வைக்கும் வேலையை நானே தொடங்கினேன். ரானுவுக்கு எங்கே போவது? பவுலுஸ்தான் ஒரு நாள் யானைக்கொட்டடிக்குப் பின்னால் கூப்பிட்டு, துணியில் முடிந்த சில உருண்டைகளை என் கையில் திணித்தார். "பாலினாவோட கூடைலேர்ந்து எடுத்தது. தெரிஞ்சா சோத்துக்குப் பதிலா என்னை வடிச்சுப் பானையில போட்டுடுவா" என்றார். செய்முறையையும் சொன்னார். நான் சோறு வடித்தேன், ஆறவிட்டேன், ரானுவைப் பொடித்துக் கலந்தேன், மண்பானையில் போட்டு இலையால் மூடினேன். பிறகு ஊர்ப்பழக்கத்தில் காலையில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை திறந்து விரலை விட்டு ருசி பார்த்தேன். கள்ளை அப்படித்தானே பார்ப்போம்? கொஞ்ச நாளில் அதன்மேல் பச்சையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. உன் அம்மா பானையைத் தூக்கிக் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நேரத்துக்கொருதரம் தெறந்து தெறந்து பாத்தா அது எப்படி ஆகும்? புள்ள தூங்குதான்னு எழுப்பிப் பாப்பாவளா யாராவது?"

அதற்கப்புறம் பானை அவள் கைக்குப் போய்விட்டது. ஒரு சொட்டு கள் வாயில் வைக்காதவள், கோயில் திருவிழாவுக்குக்கூடத் தொடாதவள், உனக்குத் தெரியும். ஆனால் ஆப்பத்துக்குக் கள் விட்டு மாவு புளிக்க வைக்கிறவள் அவள்தானே. மாவு எப்போது பொங்கும், மழைநாளில் எங்கே வைத்தால் சூடு கிடைக்கும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. பானையை அடுப்புச் சுவரை ஒட்டி வைத்து, வாயைத் துணியால் கட்டி, என்னைச் சமையல்கட்டுப் பக்கமே வரவிடவில்லை. அவள் திறந்தே பார்க்கவில்லை. வேலைக்கு நடுவே பானையில் காதை வைத்துக் கேட்பாள். ஒரு நாள், "இந்தாருங்க, வாங்க, கேளுங்க" என்று கூப்பிட்டாள். நானும் காதை வைத்தேன். உள்ளே நண்டு ஊர்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், விட்டு விட்டு. அவள் முகத்தைப் பார்த்தேன். உன் கல்யாணத்தில் எனக்கு இருந்த பயம் அவளுக்கும் இருந்திருக்கிறது, அதுவரைக்கும் அவள் அதை வாயால் சொன்னதில்லை. "அந்தப் புள்ளய எனக்குப் பிடிச்சிருக்கு. இந்தப் பானை கெட்டா அந்த அம்மா குடுக்க மாட்டா" என்றாள். அவள் அன்று சாப்பிடவும் இல்லை. நான் அவளைக் கேலி பண்ணவும் இல்லை, கடிதத்தில் எழுதிவைக்கிற அளவுக்கு அது அபூர்வம்.

போன ஞாயிறு பூசை முடிந்து பானையை எடுத்துக்கொண்டு போனோம். வழியெல்லாம் நான் சுமந்தேன், அவள் பின்னால் நடந்துகொண்டே, "ஆட்டாதீய, ஆட்டாதீய" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பாலினாம்மா பானையை வாங்கி நிழலில் வைத்தார். இந்தத் தடவை நான் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்திருந்தேன். இருந்தும் கேட்டார்: "மிஸ்திரிஜி, நீங்க சொல்லுங்க, எப்படி இருக்கு?" நான் சொன்னேன், "எனக்குத் தெரியாது பெஹன். நான் கள்ளு நாக்கு. வெச்சது இவ, சொல்ல வேண்டியது நீங்க." மகனே, தெரியாது என்கிற வார்த்தையை இந்தியில் சொல்வது ரொம்பச் சுலபம், 'நஹி மாலும்', அவ்வளவுதான். அதை முதல் தடவையே சொல்லியிருந்தால் இரண்டு படி அரிசி மிச்சம்.

அவர் துணியை அவிழ்த்தார். முதலில் முகர்ந்து பார்த்தார். அப்புறம் தண்ணீர் விட்டு, கையால் பிசைந்து, ஒரு தொன்னையில் வடித்தார். வெயிலில் தூக்கிப்பிடித்து நிறம் பார்த்தார். தரையில் சொட்டு விட்டார். குடித்தார். உடனே விழுங்காமல் கொஞ்ச நேரம் வாயில் வைத்திருந்தார். உன் அம்மா என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சோறு குழைஞ்சுபோச்சு" என்றார் பாலினாம்மா. "இதுக்கு அரிசி உதிரியா நிக்கணும். இது உங்க கஞ்சிச் சோறு." இன்னொரு மடக்குக் குடித்தார். "கசப்பு பின்னால வரணும், இது முன்னால வந்து நிக்குது. ரானு ஜாஸ்தி." நிறுத்தி, பவுலுஸைத் திரும்பிப் பார்த்தார். "ரானு என்னுது." பவுலுஸுக்கு உடனே யானையின் ஞாபகம் வந்து எழுந்துவிட்டார். "உக்காருங்க" என்றதும் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் பாலினாம்மா உன் அம்மாவிடம் கேட்டார், "தீதி, எத்தனை தடவை தெறந்து பாத்தீங்க?" உன் அம்மாவின் இந்தி உனக்குத் தெரியும். "ஏக் பார் பி நஹி. கான்… கான் லகாயா" என்று காதைத் தொட்டுக் காட்டினாள், ஒரு தடவைகூடத் திறக்கவில்லை, காதைத்தான் வைத்தாளாம். பாலினாம்மா முதல் தடவையாகச் சிரித்தார். தன் காதையும் தொட்டுக் காட்டினார். இரண்டு பெண்களும் காதைப் பிடித்துக்கொண்டு நிற்பதை யாராவது தெருவிலிருந்து பார்த்திருந்தால் தோப்புக்கரணம் போடுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

நான் பொறுக்க முடியாமல், "அப்ப, பானை பாஸா ஃபெயிலா?" என்று கேட்டுவிட்டேன். சபதம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. பாலினாம்மா தொன்னையைக் காலி பண்ணிவிட்டு, பானையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டு சொன்னார்: "இதக் கல்யாணத்துக்கு வைக்க முடியாது. பஸ்தி ஜனம் என்ன சொல்லும்? கல்யாணப் பானையை நான் வைக்கறேன். தீதி என்கூட வந்து உக்காரட்டும், சோறு எப்படி வடிக்கறதுன்னு சொல்லித்தரேன்."

இதுதான் நீ கேட்ட வரி. நான் அதில் முதல் பாதியைக் கேட்டு முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாதான் என் முதுகில் ஒரு குத்துக் குத்தி, "கல்யாணம்னு சொல்லிட்டாவ, கேக்கலையா?" என்றாள். செசிலியா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். இந்தத் தடவை சிரித்ததுதான், எங்கள் இருவருக்குமே சந்தேகமில்லை. அப்புறம் எல்லோரும் அந்தக் குழைந்த சோற்றுப் பானையை நிழலில் உட்கார்ந்து குடித்துத் தீர்த்தோம். நான் ஒவ்வொரு மடக்கையும் வாயில் வைத்திருந்து பார்த்தேன். புளிப்பு முதலில், கசப்பு அப்புறம், விழுங்கியபின் தொண்டையில் மெல்லிய ஒரு இனிப்பு திரும்பி வருகிறது. அது எனக்கு அன்றைக்குத்தான் பிடிபட்டது. பனங்கள்ளில் அது கிடையாது. இதைச் சொன்னால் ஊரில் என்னைச் சேர்க்க மாட்டார்கள், சொல்லாவிட்டால் இங்கே சேர்க்க மாட்டார்கள். நான் இங்கே இருக்கிறவன், சொல்லிவிட்டேன்.

நீ வந்ததும் உன் முன்னாலும் தொன்னை வைப்பார். அங்கே கார் நிக்கோபாரில் தென்னங்கள் குடித்துப் பழகியிருப்பாய், இல்லை என்று எழுதாதே, நான் உன் அப்பன். அதை அங்கேயே விட்டுவிட்டு வா. இனிப்பாக இருக்கிறதா என்று தேடாதே. புளித்தால் புளிக்கிறது என்று சொல், கசந்தால் கசக்கிறது என்று சொல், ஆனால் அது நல்லதா கெட்டதா என்பதைக் கொஞ்ச வருஷம் அவர்களே சொல்லட்டும். கல்யாணம் ஆனபின் செசிலியா சமைக்கிற சோற்றுக்கும் இதையே வைத்துக்கொள். உன் அம்மா கை ருசியை வைத்து அவள் குழம்பை அளக்காதே. என் அம்மா கை ருசியை வைத்து நான் உன் அம்மாவை அளந்ததில் எத்தனை நாள் பட்டினி கிடந்தேன் என்பதைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும், அவள் வீட்டில் இல்லாத நாளாகப் பார்த்து.

இப்போது அவசரமான விஷயம். பாலினாம்மா உன் கப்பல் என்றைக்கு என்று கேட்கிறார். நீ இறங்குகிற நாளிலிருந்து பின்னால் கணக்குப் போட்டுத்தான் சோறு வடிப்பாராம். போர்ட் பிளேருக்கு வந்து, அங்கிருந்து ரங்கத் படகைப் பிடித்து நீ வந்து சேருகிற அன்றைக்குப் பானை பக்குவத்தில் நிற்க வேண்டுமாம். நான் சொல்லிப் பார்த்தேன், "பெஹன், இந்தத் தீவுல எந்தக் கப்பல் சொன்ன நாள்ல வந்திருக்கு? காத்து இருக்கு, மழை இருக்கு, எஞ்சின் இருக்கு." அவர் அசையவில்லை. "கப்பல் லேட்டா வரலாம், மிஸ்திரிஜி. பையன் லேட்டா வரக் கூடாது" என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. லீவு எழுதிக்கொடு, இந்தக் கடிதம் கொண்டுவருகிற கப்பல் திரும்பும்போது அதிலேயே ஏறிவிடு. தேதியைத் தந்தியில் அடி. அது வந்ததும் நாள் எண்ணி இரண்டு அம்மாக்களும் சேர்ந்து உலை வைக்கிறார்கள்.

உன் அப்பா